மாப்பிள்ளை வீட்டு மீனைக் குழம்பில் போடும் முறை

போன மாதம் காரைக்குடியில் ஒரு கை நனைக்கும் விருந்துக்குப் போயிருந்தேன். பெண் பார்த்து, பேசி, எல்லாம் ஒத்துவந்த பிறகு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் முதன்முதலாக இலை போட்டு உட்காருவதை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அதுவரைக்கும் காப்பித்தண்ணியோடு சரி. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. இலையை விட்டு எழுந்துவிட்டால் முறிந்தது.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் பெண்ணின் அத்தையைச் சமையல்கட்டுக்குள் அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாங்கி வைத்திருந்த மீன் துண்டுகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொதிக்கிற குழம்பில் போட்டார். சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். மீன் வெந்ததும் முதல் கவளத்தை அவரே பிசைந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழுந்தது.

என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என்னை வெளியூர்க்காரி என்று நினைத்துக்கொண்டார். "இது எங்க பரம்பரை முறை. அந்தக் காலத்துல இருந்து வருது. இப்ப உள்ளதுகளுக்கு எங்க தெரியுது?" என்றார்.

"அப்படியா?" என்று பவ்வியமாகக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பரம்பரைக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை. அதைப் பெற்றுப் போட்டவளே நான்தான். ஒரு நல்ல காரியத்துக்காக, தேவகோட்டையில் ஒரு சமையல்கட்டில், சுத்தமாகப் பொய் சொல்லிப் பெற்றேன்.

நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள். மீன்களுக்குள் வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினேன். ஊரில் யாருக்கும் அந்தப் பட்டத்தின் பெயர் வாயில் நுழையாது, ஆகவே 'புழு டீச்சர்' என்று சுருக்கிவிட்டார்கள். படிக்கிற காலத்தில் ஒரு மீனின் வயிற்றைத் திறந்து பார்த்த அன்று மீன் சாப்பிடுவதை விட்டேன். நன்றாக வெந்த மீனில் புழு இருந்தாலும் அது செத்த புழு, ஒன்றும் செய்யாது என்று வருடா வருடம் வகுப்பில் சத்தம் போட்டுச் சொல்கிறவளும் நான்தான். சொல்வேன், சாப்பிட மாட்டேன். அறிவு வேறு, தொண்டைக்குழி வேறு.

சொந்தக்காரர்கள் விருந்துகளில் என்னை மீன் பக்கம் அண்டவிட மாட்டார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வறுவல் துண்டை உற்றுப் பார்த்தால் போதும், பந்தியில் பாதிப் பேர் ரசத்துக்கு மாறிவிடுவார்கள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்தப் பேர் அப்படி.

என் தம்பிக்கு ஒரே மகள். வங்கியில் வேலை பார்க்கிறாள். பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் உதட்டைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டே வந்தவள், கடைசியில் தேவகோட்டைப் பையன் ஒருவனைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தாள். பையன் கேட்டரிங் படித்து, கப்பலில் சமையல் வேலை பார்த்து, உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியவன். நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து, வீடு பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்காகச் சாப்பாட்டுக்கடை தொடங்கியிருந்தான். நல்ல பையன். கொஞ்சம் அதிகமாகவே நல்லவன், எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது.

தம்பிக்கு இந்தச் சம்பந்தத்தில் வயிற்றெரிச்சல். உரக்கடை வைத்திருப்பவன், ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்கிற ஆள். "எம்புள்ளயப் போயி ஒரு சமையக்காரனுக்கா குடுக்கணும்?" என்று என்னிடம் புலம்பினான். மகள் முகத்தைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டானே தவிர, எந்தச் சாக்குக் கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாக்கு பெரிதாக வேண்டியதில்லை. இதற்கு முன்னால் ஒரு இடத்தில், இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டார்கள் என்று எழுந்து வந்தவன்.

கை நனைக்கும் விருந்துக்குப் பெண் போகக்கூடாது. ஆகவே முந்தின நாள் தம்பி மகள், எனக்கு மருமகள் முறை, என் வீட்டுக்கு வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அயித்தை, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் புழுவைப் பத்தி வாயைத் தொறந்துறாதீக."

"நான் எங்கடி தொறக்கிறேன்? ஒங்களுக்குத்தான் என் மூஞ்சியைப் பாத்ததும் அதே நெனப்பு."

"அப்ப மூஞ்சியையும் ஒரு மாதிரி வச்சுக்காதீக. மீன் வந்தா உத்துப் பாக்காதீக. கண்ணாடியை வீட்லயே வச்சுட்டுப் போயிருங்க."

"கண்ணாடி இல்லாம நான் பஸ் ஏறி ராமேஸ்வரம் போயிருவேன், பரவாயில்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "அப்பா எந்திரிக்கச் சாக்குத் தேடிக்கிட்டுத் திரியுறாக. ஒங்க வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வந்தாப் போதும். எனக்கு இந்தப் பையன் வேணும் அயித்தை" என்றாள். கண் கலங்கிவிட்டது. எதற்கும் அசையாத பிள்ளை அவள். என்ன நடந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

மறுநாள் வேன் வைத்துத் தேவகோட்டை போனோம். தம்பி, அவன் பெண்டாட்டி, நான், பெரியவர்கள் என்று ஒரு பத்துப் பேர். தம்பி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் வந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

வீட்டில் நல்ல வரவேற்பு. பையனின் அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். ஒல்லியான உடம்பு, அளவான பேச்சு, வந்தவர்களை ஒரு பார்வையில் எடைபோடுகிற கண். "வாங்க, வாங்க, வெயில்ல வந்துருக்கீக" என்று மோர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் பையன் முகமெல்லாம் பல்லாக என் முன்னால் வந்து நின்றான்.

"அயித்தை, நீங்க மீனைப் பத்தியே படிச்சவுகன்னு சொன்னாக. ஒரு நிமிசம் உள்ள வாங்களேன். ஒங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு வச்சுருக்கேன்."

மருமகள் அவனிடம் 'மீனைப் பற்றிப் படித்தவர்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மீனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள். வங்கிக்காரி அல்லவா, சின்ன எழுத்தில் உள்ளதை வாசித்துக் காட்ட மாட்டாள்.

சமையல்கட்டில் அடுப்பின் மேல் பெரிய மண்சட்டியில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றார். தொண்டியில் இருந்து வாங்கிவந்த கடல் மீன் இன்னும் நறுக்கப்படாமல் கூடையில் கிடந்தது. மீன் இல்லாமலே குழம்பை எதற்கு இந்தக் கொதி கொதிக்க விடுகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்தவர் சமையலில் குறை சொல்ல நான் ஆளில்லை என்று விட்டுவிட்டேன்.

பையன் ஓர் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். கறுத்த முதுகும் பாம்புத்தலையுமாக ஒரு பாதி மீன் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நம் கண்மாய் விராலுக்குப் பங்காளி முறை.

"கிழக்கத்தி நாட்டு ஆத்து மீனு அயித்தை. சென்னையில இறக்குமதி பண்றவரு ஒருத்தரு மூலமா ஃப்ளைட்டுல வந்துச்சு. கடைக்கு வாங்கலாம்னு மொதப் பெட்டி எடுத்துருக்கேன். மொதப் போணி நம்ம வீட்டு விருந்துக்குத்தான்."

எனக்கு அப்போதே கோபம் வந்தது. சித்திரையில் கண்மாய் வற்றினால் ஊரே இறங்கி விரால் பிடிக்கிற சீமை இது. அன்றைக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் விரால் குழம்பு மணக்கும். இந்த ஊருக்கு விரால் விமானத்தில் வருகிறது. இருந்தாலும் சிரித்த முகமாக நின்றேன், சத்தியம் செய்திருக்கிறேனே.

"இதை எப்படிச் சமைக்கப் போறீக தம்பி?"

"சமைக்கவே போறதில்ல. அதான் விசேசம்." பலகையின் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு. அதில் கண்ணாடி போல மெல்லிதாகச் சீவிய பச்சை மீன் துண்டுகளைப் பூ மாதிரி அடுக்கி வைத்திருந்தான். "எலுமிச்சம்பழச் சாறு, பச்ச மொளகா, சின்ன வெங்காயம். அந்தப் புளிப்புலயே வெந்துரும். கப்பல்ல வெள்ளைக்காரவுக தட்டை வழிச்சுச் சாப்பிடுவாக. இன்னைக்கு எல்லாருக்கும் மொதல்ல இதைத்தான் வைக்கப் போறேன்."

சம்பந்தியம்மா அந்தத் தட்டை எடுத்து அடுப்பு மேடையில், சட்டிக்கு ஒட்டினாற்போல வைத்தார். "சூடு படும்மா" என்று பையன் அதை எடுத்து மறுபடி பலகைப் பக்கம் வைத்தான். நான் பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, "உறைய வச்சு வந்த மீனா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் கூட இல்ல அயித்தை. வெறும் ஐஸ்தான். உறைய வச்சா உசுரு போயிரும்ல?"

உயிர் போகும் என்பது உண்மைதான். யாருடைய உயிர் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பல நாள் உறைய வைத்திருந்தால் உள்ளே எது இருந்தாலும் செத்திருக்கும். எலுமிச்சம்பழச் சாற்றுக்கு அதெல்லாம் சாகாது, குளித்துவிட்டு எழும். மனம் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தேன். ஒரு துண்டின் ஓரத்தில், சதைக்குள், குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெளிர் சிவப்புச் சுருள். நரம்பாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

நரம்பு மெதுவாகச் சுருள் அவிழ்ந்து, மறுபடி சுருண்டது.

அடுத்த துண்டில் இன்னொன்று இருந்தது. நாய் பூனை வயிற்றில் போய்ப் பெரிதாக வேண்டிய புழுவின் குஞ்சு அது. மீன் சதைக்குள் அது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிரயாணி. அந்த மீனைப் பூனை தின்றால் சரியான பஸ். மனிதன் பச்சையாகத் தின்றால் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுகிறது. நமக்குள் அதற்கு வளரவும் தெரியாது, இறங்கிப் போகவும் தெரியாது. தோலுக்கு அடியில் ஊர் சுற்றும். இன்றைக்குத் தோளில் வீக்கம், கொஞ்ச நாள் கழித்து வயிற்றில். வழி தவறிக் கண்ணுக்குள்ளோ மூளைக்குள்ளோ போனால் விளையாட்டில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பெரியவர்களை நினைத்தேன், மருமகளை நினைத்தேன். நாளைக்கு அவள் வாழப்போகிற வீடு.

பையனிடம் காதோடு சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். "புழுவா? எங்க?" என்று வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவான், போனை எடுத்துப் படித்துக் காட்டுவான், வந்தவர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பான். அத்தனை நல்லவன். அவனை வைத்து ஒரு ரகசியம் காக்க முடியாது.

அப்போது பார்த்து என் தம்பி சமையல்கட்டு நிலையில் வந்து நின்றான். "என்னக்கா, மீனைப் பாத்து அசந்து போயி நிக்கிற?" என்றான். குரலில் தேன் ஒழுகியது. அவன் பார்வை என் முகத்தில் இல்லை, என் கண்ணாடியில் இருந்தது. கூடவே வளர்ந்தவன், நான் எதற்குக் கண்ணாடி மாட்டுவேன் என்று அவனுக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்தால் இவன் வேன்காரரைக் கூப்பிட்டுவிடுவான்.

வாயைத் திறந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"ஒரு முறை இருக்குல்ல தம்பி? மறந்துட்டியா?"

"என்ன முறை?"

"மாப்பிள்ளை வீட்டு மீனை, பொண்ணோட அத்தை தன் கையால குழம்புல போடணும். அது கொதிச்சு வெந்த பெறகுதான் பொண்ணு வீட்டாக கை நனைக்கிறது."

தம்பி நெற்றியைச் சுருக்கினான். எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்று எனக்குத் தெரியும். வேறு எதை வேண்டுமானாலும் தெரியாது என்று சொல்வார்கள், முறை என்று சொன்னதைத் தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. சொன்னால் முறை தெரியாத குடும்பம் என்று ஆகிவிடும். அதிலும் சம்பந்தி வீட்டில் நின்றுகொண்டு.

"இருக்குல்ல?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.

தம்பி தொண்டையைச் செருமினான். "இருக்கு, இருக்கு. அது எப்படி இல்லாம?" என்றான். பிறகு அவனுக்கே சூடு பிடித்துவிட்டது. "எங்க அப்பா கல்யாணத்துல இந்த முறையை வெகு விமரிசையாச் செஞ்சாகளாம்" என்றான். எங்கள் அப்பா கல்யாணத்தைப் பற்றி அவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பாவிடம் கேட்டார்கள். அவர் காது மந்தம், ஆனாலும் சளைக்கவில்லை. "அதெல்லாம் அந்தக் காலத்துல உண்டு. இடையில விட்டுப்போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பையன்தான் பாவம். "அயித்தை, இந்தத் தட்டு மீனை மட்டும் விட்டுருவோமே? கூடையில கடல் மீனு இருக்கு, அதைப் போடுங்க. இது சூடு பட்டா வீணாப் போயிரும்."

"முறைன்னா எல்லாந்தான் தம்பி. அரைகுறையாச் செய்யக்கூடாது. பெட்டியில மிச்சம் இருக்கிறதும் சேத்துத்தான்."

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். பயம் எனக்கு அங்கேதான் இருந்தது. அவர் வீடு, அவர் அடுப்பு, அவர் மகன் ஆசையாகச் செய்தது. அவர் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார். வாசல் பக்கம் திரும்பி, "எல்லாரும் வந்து ஒரு குலவை போடுங்களேன்" என்றார்.

குலவைச் சத்தத்தில் தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகக் குழம்பில் போட்டேன். ஒரே ஒரு துண்டை மட்டும் வெற்றிலையில் மடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் அதுவும் முறை என்று நினைத்திருப்பார்கள். பெட்டியில் இருந்த மீதியையும் நறுக்க வைத்துச் சட்டியில் தள்ளினேன். "பலகைக்கும் கத்திக்கும் வெந்நீர் காட்டணும்" என்றேன். அதையும் செய்தார்கள். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அதற்கும் ஒரு குலவை போட்டுவிட்டார்கள்.

"வெந்துருச்சா மதினி?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் கொதிக்கட்டும்."

கொஞ்சம் பொறுத்து மறுபடி, "இப்ப வெந்துருச்சா?"

"இன்னுங் கொஞ்சம்."

"கரைஞ்சு போயிரும் அயித்தை" என்று பையன் அழாத குறையாகச் சொன்னான். "கரையட்டும் தம்பி" என்றேன்.

ஒருவழியாக இறக்கினோம். அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரப் போனேன். சம்பந்தியம்மா ஒரு தட்டில் சோற்றை வைத்து, அந்தக் குழம்பை ஊற்றி, மேலே ஒரு மீன் துண்டையும் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"எங்க பக்கமும் இந்த முறை உண்டு மதினி" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "குழம்புல போட்டவுகதான் மொதக் கவளமும் சாப்பிடணும். அவுக சாப்பிட்டு எந்திரிச்ச பெறகுதான் மத்தவுகளுக்கு எலை போடுறது."

நான் அரை மணிக்கு முன்னால் பெற்ற பிள்ளைக்கு இவர் மொட்டை போட்டுக் காது குத்திக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? முறை தெரியாத குடும்பம் என்று ஆகிவிடாதா? தம்பியைப் பார்த்தேன். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும். சாப்பிடாமல் எழுந்தால் அவனுக்கு அதுவே சாக்கு. கையைக் கட்டிக்கொண்டு, கபடி பார்க்கிற மாதிரி நின்றான்.

அந்த நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. மருமகள் எழுதியிருந்தாள். 'அயித்தை, வாயைத் தொறந்தீகளா?'

'இப்பத்தான் தொறக்கப் போறேன்' என்று பதில் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். வெந்தது ஒன்றும் செய்யாது, வெந்தது ஒன்றும் செய்யாது என்று வகுப்பில் சொல்வதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட எனக்கு நானே சொன்னதில்லை. மருமகள் முகத்தை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி வாயில் வைத்தேன்.

முழுங்கிவிட்டேன். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். "இன்னொரு வாய்" என்றார். இன்னொரு வாயும் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ருசியாக இருந்தது. மூன்றாவது வாயை யாரும் சொல்லாமலே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் இலை விழுந்தது. தம்பி உட்கார்ந்தான். இலையில் உப்பு இருக்கிறதா என்று பார்த்தான், இருந்தது. கை நனைத்தான். விரால் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ள, மீனு எங்க வாங்குனீக?" என்று கேட்டான். மாப்பிள்ளை என்று அவன் வாயில் இருந்து வந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வாரமே பையனைக் கல்லூரிக்கு வரச்சொன்னேன். வெற்றிலைக்குள் இருந்ததை அவன் முன்னால் எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போட்டு, ஊறின பிறகு நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினேன். தலையில் ஒரு குமிழ், அதைச் சுற்றி வரிசை வரிசையாகக் கொக்கிகள். சாற்றில் ஊறியும் துரை நெளிந்துகொண்டிருந்தார். பையன் வெகுநேரம் குழாயில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இதையா எல்லாருக்கும் வைக்க இருந்தேன்?"

"வைக்கலையே. விடுங்க."

"கடையிலயும் இனிமே பச்சையா எதுவும் வைக்கமாட்டேன் அயித்தை. இது எங்க அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாக."

அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று அவனுக்கும் ஒரு சத்தியம் செய்துகொடுத்தேன். சத்தியம் செய்வதே எனக்கு அந்த வருடம் தொழிலாகிப்போனது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டுக் கறிவிருந்துக்கு மறுபடியும் தேவகோட்டை போனோம். பந்தி முடிகிற நேரம், சம்பந்தியம்மாவும் நானும் மட்டும் கடைசியாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் முற்றத்தில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து இலையைப் பார்த்தபடி, சாதாரணமாகக் கேட்டார்.

"மதினி, அன்னைக்கு நல்லா வெந்துருச்சுல்ல? இனி ஒண்ணும் செய்யாதுல்ல?"

"எது?"

"அதான். நெளிஞ்சுச்சே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செதில் எடுத்துக் கழுவுனது நான்தானே. காலையிலயே பாத்துட்டேன். மவன்கிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லிருவான். ஒங்களுக்குத் தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவீக. அந்தப் புள்ளையத் தவிர வேற யாரையும் கட்டமாட்டேன்னு சொல்லிட்டான். என்னத்தைச் செய்ய? கை தவறின மாதிரி தட்டைக் குழம்புக்குள்ள தள்ளி விட்டுருவோம்னுதான் வெள்ளனவே கொதிக்க வச்சுட்டு நின்னேன். அவன் தட்டை எடுத்து எடுத்து அங்குட்டு வச்சுட்டான். அதுக்குள்ள நீங்க கண்ணாடியை மாட்டுனீக. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

மீன் இல்லாமல் கொதித்த குழம்பு எனக்கு இப்போது விளங்கியது. நான் சொன்ன முறையை அவர் ஏன் மறுக்கவில்லை என்பதும் விளங்கியது. ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"சரி மதினி, மொதக் கவளம் நான் சாப்பிடணும்னு ஒரு முறை சொன்னீகளே. அது எதுக்கு?"

அவர் நிமிர்ந்து முற்றத்தில் நின்ற மகனைப் பார்த்தார்.

"வெந்தா செத்துருமா, சாகாதான்னு எனக்கு என்ன தெரியும்? மீனைப் பத்தியே படிச்சவுக நீங்க. சாகலைன்னா நீங்க வாயில வைக்கமாட்டீகல்ல? நீங்க முழுங்குன பெறகு, ஒங்க மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் எம் மவன் எலையில வச்சேன்."

சொல்லிக்கொண்டே எட்டி ஒரு மீன் துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். நான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.